மணிக்காரியும் வாயாடியும் ஒரு டிவிப்பொட்டியும்

பால்ரஸைக் கடப்பாக்கல் மேடையில் உருட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் மாஜிதா. பெரிய நெல்லிக்காய் அளவு இரும்பு உருண்டை. கல்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சத்தமாக ஓடினால் சரி. நடுவில் எங்காவது கரகரத்தால் அன்றைக்கு அதற்கு வேலை கிடையாது. டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துவிடுவாள். "சின்னச் சொட்டை விழுந்தாப் போதும், பலகைய உழுது போட்டுரும்" என்பாள். தேறிய உருண்டையைச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் ஒற்றித் துடைத்து, சூடு ஏறும்வரை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்வாள். சூடு எதற்கு என்று யாராவது கேட்டால் ஒரு முறைப்பு மட்டும் வரும்.

இராஜபாளையம் தென்காசி சாலையில் இருக்கிறது அவள் கணவர் பீர் முகமதுவின் கடை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் பழைய கப்பல் சாமான்களை லாரியில் ஏற்றிவந்து விற்கிறவர். இரும்புக் கட்டில், வட்டக் கண்ணாடிச் சன்னல், மிதவை வளையம், எந்த நாட்டுக்காரன் உட்கார்ந்து தேய்த்ததோ தெரியாத சுழல்நாற்காலி என்று முன்பக்கம் முழுக்க அடைந்து கிடக்கும். அதையெல்லாம் தாண்டி, முழங்காலை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டால் அது மாஜிதாவின் ராஜ்ஜியம். அங்கே இரண்டு பின்பால் மெஷின்கள் நிற்கின்றன.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். சாய்வான ஒரு பலகை, மேலே கண்ணாடி. பலகை நெடுக மணிகள், ரப்பர் வளையம் மாட்டிய குடைகள், சின்னச் சின்னக் கதவுகள். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் உருண்டை மேலே ஏறி, அங்கேயும் இங்கேயும் இடித்துத் தெறித்துக் கீழ்நோக்கி வரும். கீழே இரண்டு ரெக்கைகள். பெட்டியின் இரண்டு பக்கமும் அவற்றுக்கான பொத்தான்கள். அழுத்தினால் ரெக்கை எழும்பி உருண்டையை மறுபடி மேலே விரட்டும். தவறவிட்டால் ரெக்கைகளுக்கு நடுவிலுள்ள குழிக்குள் போய்விடும். ஆளுக்கு மூன்று உருண்டை. ஐம்பதை நெருங்கும் மாஜிதா, இந்த ஆட்டத்தில் விருதுநகர் மாவட்டத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்கிறாள். மாவட்டத்தில் வேறு யாரும் இதை ஆடுவதே இல்லையே என்று சிலர் கிண்டல் செய்வதுண்டு. ஒரு தடவை வந்து அவளோடு ஆடிவிட்டுப் போனவர்கள் அந்தக் கிண்டலைத் தொடர்ந்ததில்லை.

முதலில் வந்தது மணிக்காரி. அது அவள் வைத்த பெயர். லாரியிலிருந்து இறக்கியபோது அதன் பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட உயரமாக இருந்தன. கப்பல் ஆட்டத்தில் கால் வளைந்துவிட்டது என்று பீர் முகமது தீர்மானம் செய்துவிட்டார். பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்னங்கால்களுக்குக் கட்டை கொடுத்து, சாப்பாட்டு மேசை மாதிரி மட்டமாக நிறுத்திவிட்டார். மட்டமான பலகையில் உருண்டை எப்படி இறங்கி வரும்? ஏறிய இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. ஆட வந்தவர்கள் மெஷினைப் பிடித்து உலுக்கினார்கள். உலுக்கிய உலுக்கலில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, மணிச்சத்தமெல்லாம் அடங்கி, மெஷின் கப்சிப் என்று நின்றது. ஓகோ, விளக்கு எரிந்தால் ஜெயித்ததாக அர்த்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

முரட்டுத்தனமாக ஆட்டினால் ஆட்டம் செல்லாது என்று சொல்கிற விளக்கு அது. அது தெரியாமல், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சேத்தூர் பாண்டிச்செல்வம், ஒரே உலுக்கில் விளக்கை எரியவைத்து, பல வாரங்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு சாம்பியனாகத் திரிந்தார். ஒருநாள் கடையைக் கூட்டும்போது கட்டைக்கு அடியில் ஒரு தேள் ஓடியது. மாஜிதா மெஷினை இடுப்பால் நெம்பித் தூக்கி, கட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளினாள். யாரோ பாதி ஆட்டத்தில் விட்டுப்போன மெஷின். உள்ளே உட்கார்ந்திருந்த உருண்டை மெல்லப் புறப்பட்டு அவளை நோக்கி உருண்டு வந்தது. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. தேள் என்ன ஆயிற்று என்பதும் யாருக்கும் தெரியாது.

பாண்டிச்செல்வம் இன்றைக்கும் சாயங்காலம் தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறார். "வாங்க சாம்பியன்" என்றுதான் மாஜிதா வரவேற்பாள். அவரும் முகம் சிவக்காமல் அதை வாங்கிக்கொள்வார்.

மணிக்காரி நிதானமானவள். அவளுக்கு ரெக்கை குட்டை, நடுக்குழி அகலம். மதிப்பெண் எழுதிய தகரச் சக்கரங்கள் கடகடவென்று உருளும். மிஞ்சிப்போனால் ஆயிரங்களில்தான் கொடுப்பாள். அவசரப்பட்டு அடிக்கிறவனை அவளுக்குப் பிடிக்காது. வருகிற உருண்டையை அடிக்காமல் விட வேண்டும். அது வலது ரெக்கையில் விழுந்து, தானாகத் துள்ளி இடது ரெக்கைக்குப் போய், வேகம் செத்து நிற்கும். அப்புறம் அடிக்கலாம். இந்தச் சும்மாயிருக்கிற வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும் என்பது மாஜிதாவின் கட்சி.

பின்னால் வந்தவள் வாயாடி. மின்சார எழுத்தும் இங்கிலீஷ் பேச்சும் உள்ள மெஷின். உருண்டை ஏறி இறங்க இரண்டு பாலங்கள் உண்டு. வேகம் அதிகம். உருண்டை குழியில் விழுந்தால் ஆண் குரலில் சிரிப்பாள், தப்பித்தால் பெண் குரலில் வைவாள். அந்தப் பேச்சைக் காதில் வாங்கினால் கை பதறிவிடும். அதற்காகவே மாஜிதா வாயாடியோடு ஆடும்போது மட்டும் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருப்பாள். என்ன பாட்டு என்று கேட்டால், பாட்டெல்லாம் இல்லை, பலசரக்குச் சாமான் பெயர்கள் என்பாள். சீரகம், சோம்பு, கசகசா, அன்னாசிப்பூ. தாளம் தப்பாமல் வரும்.

இரண்டு பேருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. நேற்று மாதிரி இன்று இருக்கமாட்டார்கள். சாயங்காலம் ஊரிலுள்ள மோட்டார்களெல்லாம் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும். ரெக்கைக்குத் தெம்பு குறையும். ஆடிக்காற்றில் எவ்வளவு துடைத்தாலும் பலகையில் மண் படிந்து உருண்டை இழுத்துக்கொண்டு நடக்கும். ஐப்பசியில் மலைப்பக்கம் மழை இருட்டினால் பலகை ஈரம் குடித்து ஊதி, நேராகப் போக வேண்டியது வளைந்து போகும். பாண்டிச்செல்வம் மெஷின் கெட்டுவிட்டது என்று சத்தம் போடுவார். மாஜிதா ஒரு நூல் முந்தி அடிப்பாள், அல்லது ஒரு நூல் பிந்தி. "மனுசருக்குக் காய்ச்ச வாரதில்லையா? அது மாதிரிதான். அன்னைக்கு எப்படி இருக்காளோ, அவகிட்ட அப்படிப் பேசணும்."

செல்போனிலும் இந்த ஆட்டம் வந்துவிட்டது. மாஜிதா அதையும் விட்டுவைக்கவில்லை. மகளைப் பார்க்கத் தளவாய்புரம் போகும்போது பஸ்ஸில் ஆடிக்கொண்டே போவாள். கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவுவதற்கு ஆட்டம் என்று பெயர் வைத்தவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. "வெரலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. எண்ணெய்ல மெதக்குத மாதிரி இருக்கு" என்பாள். ஆனால் குறை சொல்லிவிட்டுக் கழித்துப் போடுகிற ஆள் அல்ல. எந்தப் பாலத்தில் ஏற்றினால் எங்கே இறங்கும் என்று பாதை படிக்கப் போன் நல்லது, அதில் கண் பழகும், கை பழகாது என்று பிரித்துச் சொல்லுவாள். மணிக்காரி, வாயாடி, ஊமைப் போன் என்று ஒவ்வொன்றிடமும் என்ன எதிர்பார்க்கலாம் என்பது அவளுக்கு அத்துபடி. அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் வந்த வாடிக்கையாளர் கட்டில் வாங்க வந்ததையே மறந்துபோவார்.

பீர் முகமதுவின் தம்பி ரஃபீக் ஸ்ரீவில்லிபுத்தூர் மேல ரத வீதியில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மாஜிதா மருமகளாக வந்தபோது அரை டவுசரோடு திரிந்தவன். இப்போது அவனுக்கே காதோரம் நரை. கைவேலையில் கெட்டிக்காரன். போன வருடம் அவனாகவே ஒரு பின்பால் பெட்டி செய்தான். கால் வைத்த மரப்பெட்டி, மணிக்காரியின் அளவேதான். ஆனால் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய டிவியைப் படுக்கப் போட்டிருந்தான். பொத்தானை அழுத்தினால் படத்திலுள்ள ரெக்கை எழும்பும். பெட்டியைத் தட்டினால் உள்ளே வைத்திருக்கிற ஒரு சின்னக் கருவி அதை உணர்ந்து, படத்திலுள்ள உருண்டையையும் அசைக்கும். நாற்பது வகை மெஷின்கள் அந்த ஒரே பெட்டிக்குள். மதிப்பெண் எல்லாம் கோடிகளில்.

பெட்டியைத் திறந்துவைத்த அன்று மாஜிதா போய்ப் பார்த்தாள். பிள்ளைகள் கூட்டத்தில் தொட முடியவில்லை. சுற்றி வந்து, கால்களைக் குனிந்து பார்த்து, "டிவிப்பொட்டி நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மனதாரத்தான் சொன்னாள்.

வம்பு வந்தது பெருநாள் விருந்தில். பீர் முகமது வழக்கம்போல மனைவி புகழ் பாடிக்கொண்டிருந்தார். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த ரஃபீக் சிரித்தபடியே சொன்னான்: "மதினிக்குக் கை சுத்தம்னு ஊரே சொல்லுது. கை இல்லண்ணே, அது பழக்கம். வருசக்கணக்கா அதே ரெண்டு மெஷினு. மெஷினுதான் மதினிக்காக ஆடுது. எம்பொட்டிக்கு வந்தாங்கன்னா மூணு உருண்டையும் மூச்சு விடுறதுக்குள்ள குழிக்குள்ள போயிரும்."

"அப்படியா தம்பி" என்றாள் மாஜிதா. அவன் தட்டில் இன்னொரு அகப்பை பிரியாணி வைத்தாள்.  

அவளுக்கு வலித்தது. கடை பீர் முகமதுவுடையது. வீடு மாமனார் கட்டியது. அவள் செய்கிற பிரியாணியைக்கூட, மாமியார் கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கிறது என்றுதான் ஊர் பாராட்டும். யாரும் கொடுக்காமல், யாரும் சொல்லித்தராமல், அவளாகச் சம்பாதித்தது என்று இந்த உலகத்தில் இருந்தது இந்த ஒரே ஒன்று. அதையும் தூக்கி மெஷின் பெயரில் எழுதிவிட்டான் ரஃபீக்.

அவன் பெட்டியிலேயே ஆடுவதாகச் சொல்லி அனுப்பினாள். பீர் முகமது வாயில் எது தங்கும்? இராஜபாளையம் முழுக்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அங்கேயும் சொன்னார். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று மாவட்டத்துக்கே விடுமுறை, அன்றைக்கு வைத்துக்கொள்வோம் என்று நாளும் குறித்துவிட்டு வந்தார். ரஃபீக் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டான். முன்கூட்டியே வந்து பழகிக்கொள்ளுங்கள் மதினி என்று இரண்டு முறை போன் செய்தான். அவள் போகவில்லை. பாண்டிச்செல்வம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். புதுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் பட்டாளத்துக்காரனே முதலில் பழகித்தான் சுடுவான் என்றார்.

"பழகிட்டு ஜெயிச்சா என்ன சொல்லுவான்? பழக்கம்னுதான சொல்லுவான்" என்றாள் மாஜிதா. நாற்பதில் எந்த ஆட்டம் என்பதையும் அவனே சொல்லட்டும், அவன் எதில் நன்றாக ஆடுவானோ அதிலேயே ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீம்புதான். ஆனால் அந்த வீம்பில் நியாயம் இருந்தது.

தேரன்று காலையில் பஸ்ஸில் ஏறவே இடமில்லை. மாஜிதா, பீர் முகமது, நடுவர் வேலையைத் தானாக எடுத்துக்கொண்ட பாண்டிச்செல்வம் மூவரும் நின்றுகொண்டே போய் இறங்கினார்கள். ரத வீதி முழுக்கத் தலை. ரஃபீக் கடைவாசலில் பானையில் நீர்மோர் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்து ஆட்கள். திரையின் உச்சியில் ரஃபீக்கின் பெயரும் மதிப்பெண்ணும் மின்னிக்கொண்டிருந்தன: நாலு கோடியே சொச்சம். அதைத் தாண்ட வேண்டும். மூன்று உருண்டைக்குள்.

முதலில் ரஃபீக் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினான். மாஜிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லோரும் உருண்டையைப் பார்த்தார்கள். அவள் உருண்டையைப் பார்க்கவில்லை. ரஃபீக்கின் விரலையும் ரெக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் அழுத்தி, இமைப்பொழுது கழித்துத்தான் ரெக்கை எழும்பியது. சாயங்கால வோல்டேஜில் மணிக்காரி செய்கிற வேலைதான், ஆனால் இது காரணமே இல்லாமல் எப்போதும் செய்கிறது. அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டி முன்னால் வந்து நின்றாள்.

முதல் உருண்டை இறங்கி வந்தது. அடிக்காமல் விட்டாள், வலது ரெக்கையில் பட்டு இடதுக்குத் தாவும் என்று எதிர்பார்த்தாள். படத்து உருண்டைக்கு எடை கிடையாதே. ரப்பர் பந்து மாதிரி எகிறி, இரண்டு ரெக்கைக்கும் நடுவில் நேராகக் குழிக்குள் போய்விட்டது. மூச்சு விடுறதுக்குள்ள என்று ரஃபீக் சொன்னது அப்படியே நடந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். ரஃபீக் சிரிக்கவில்லை. பீர் முகமது மோர் ஊற்றப் போகிறேன் என்று சொல்லி வாசலுக்கு நழுவிவிட்டார்.

இரண்டாவது உருண்டையில் அவள் விரல் முந்தத் தொடங்கியது. கண் சொல்வதற்கு ஒரு நூல் முன்னால் அடித்தாள், சரியாகப் பட்டது. மறுபடி அடித்தாள், அதே இடத்துக்குப் போனது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள், அதே இடம். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. தூசி இல்லை, ஈரம் இல்லை, கரண்டு ஏறி இறங்குவது இல்லை. "அடிச்ச எடத்துக்குப் போவுதே. இது நல்ல பிள்ளையால்ல இருக்கு" என்றாள், யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்கே சொல்வதுபோல. உருண்டை ஓரத்தில் சரிந்தபோது பழைய ஞாபகத்தில் இடுப்பால் ஒரு சின்ன இடி கொடுத்தாள். திரை முழுக்கச் சிவப்பாக ஒரு எச்சரிக்கை மின்னியது. பிள்ளைகள் குத்துக் குத்தென்று குத்துவதால் ரஃபீக் அந்தக் கருவியைத் தொட்டாற்சிணுங்கியாக வைத்திருந்தான். ஒரு உருண்டைக்கு இரண்டு எச்சரிக்கைதான், மூன்றாவது முறை அசைந்தால் ரெக்கைகள் செத்துப்போகும். அப்புறம் அவள் பெட்டியை இடிக்கவில்லை. இரண்டாவது உருண்டை குழிக்குள் விழும்போது மதிப்பெண் இரண்டரைக் கோடியைத் தாண்டியிருந்தது. சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாவது உருண்டை நெடுநேரம் ஆடியது. சீரகம், சோம்பு, கசகசா என்று முனகல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாலத்தில் இன்னும் ஒரே ஒரு தரம் ஏற்றினால் போதும், ரஃபீக்கின் கணக்கு கீழே போய்விடும் என்கிற இடத்துக்கு வந்து, உருண்டையை இடது ரெக்கையில் தாங்கி நிறுத்தினாள். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறவரை ரெக்கை தூக்கியபடி நிற்கும். அதன் மடியில் உருண்டையும் நிற்கும். குறிபார்க்க அவகாசம் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீதியில் "கோவிந்தா, கோபாலா" என்று குரல் எழும்பியது. தேர் திரும்பி மேல ரத வீதிக்குள் வந்துவிட்டது. கடைக்குள் இருந்தவர்கள் அப்படியே வாசலுக்கு ஓடினார்கள். பாண்டிச்செல்வம் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நடுவர் உத்தியோகத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பியபடி வெளியே போனார். உள்ளே மிஞ்சியது மாஜிதா, ரஃபீக், அவன் மனைவி ஃபாயிஸா மூன்று பேர்.

தரை அதிர்ந்தது. யாரும் தொடாமலே திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒன்று மின்னி மறைந்தது. ரஃபீக்குக்கு முகம் மாறிவிட்டது. பெட்டி செய்தபோது எல்லாவற்றையும் யோசித்தவன், ரத வீதியில் கடை வைத்துக்கொண்டு தேரை யோசிக்க மறந்துவிட்டான். இன்னும் இரண்டு அதிர்ச்சி போதும். ரெக்கை தானாகச் சாய்ந்து, உருண்டை குழிக்குள் போய், மதினி தோற்றுப்போவாள். அவன் வாயாடுகிறவனே ஒழியக் கெட்டவன் அல்ல. பாய்ந்து வந்து பெட்டியின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"கையை எடு தம்பி" என்றாள் மாஜிதா. கண் திரையை விட்டு நகரவில்லை.

"தேர் தாண்டுத வரைக்கும் மதினி. செத்த நேரந்தான்."

"எடுன்னா எடு. பொறவு இது யாரு கைன்னு கேள்வி வரும்."

ரஃபீக் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்பில் கட்டிக்கொண்டான்.

தென்காசி சாலையில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள் போகும்போதெல்லாம் மாஜிதாவின் கடைச்சுவர் நடுங்கும். வாயாடிக்கு அந்த நடுக்கம் ஆகாது. அந்தச் சமயங்களில் மாஜிதா வயிற்றையும் தொடையையும் மெஷினோடு ஒட்டிச் சாய்ந்துகொள்வாள். தள்ளமாட்டாள், இழுக்கமாட்டாள், நடுக்கத்தைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்வாள். இப்போதும் அதைத்தான் செய்தாள். மெலிந்த உடம்பென்றால் முடிந்திருக்காது. மாஜிதா மெலிந்தவள் அல்ல. அதிலும் அவளுக்குக் குறைச்சலில்லாத பெருமை உண்டு. வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேலான சக்கரம் மெதுவாக உருண்டு கடந்தது. இரண்டாவது எச்சரிக்கை மின்னியது. ஃபாயிஸா வாயைப் பொத்திக்கொண்டாள். மாஜிதா மூச்சைக்கூட அடக்கிச் சாய்ந்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. வெளியே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார்கள், தேர் நின்றது, தரையும் நின்றது.

அவள் பொத்தானை விட்டாள். உருண்டை ரெக்கையின் நுனியை நோக்கி நழுவியது. நுனிக்கு வருவதற்கு ஒரு நூல் முன்னால் அடித்தாள். பெரிய பாலத்தில் ஏறி, வளைந்து, உச்சியைத் தொட்டு இறங்கியது. திரையில் எண்கள் ஓடி ஓடி, ரஃபீக்கின் பெயரைக் கீழே தள்ளிவிட்டு நின்றன. பாலத்திலிருந்து திரும்பி வந்த உருண்டையை மறுபடி இடது ரெக்கையில் தாங்கி நிறுத்திக்கொண்டாள்.

பாண்டிச்செல்வம் வேர்வையும் திருநாமமுமாக உள்ளே வந்தார். பின்னாலேயே பீர் முகமதுவும், அவர் பின்னால் கூட்டமும். என்ன ஆயிற்று என்று பாண்டிச்செல்வம்தான் கேட்டார்.  ரஃபீக் சொல்லட்டும் என்று மாஜிதா விட்டுவிட்டாள்.

ரஃபீக் மார்பில் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். "மெஷினு என்னுது" என்றான். அடுத்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கை மதினிது."

பீர் முகமது தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மோர் தெறித்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

ஃபாயிஸா ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து நீட்டினாள். மாஜிதா வலது கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வாங்கிக்கொண்டாள். இடது கை விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. ரெக்கையின் மடியில் உருண்டை அசையாமல் நின்றது. ஆட்டம் இன்னும் முடியவில்லை, மதிப்பெண் இன்னும் ஏறும் என்பது அப்போதுதான் சுற்றி நின்றவர்களுக்கு உறைத்தது. அவள் அவசரப்படவில்லை. அண்ணாந்து, சொட்டு விடாமல், நிதானமாகக் குடித்து முடித்தாள். காலி டம்ளரை நீட்டினாள்.

"இன்னுஞ் செத்த ஊத்து ஃபாயிஸா."